எட்டாம் மாதம் என்று எழுதிய விண்ணப்பம்

வெள்ளிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு, மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்தபோது, பூங்காவனத்துக்கு முதல் வலி வந்தது. மேசையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு ஏழாம் வாய்ப்பாட்டைத் தடுமாறாமல் முடித்தாள். பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டுத் தலைமையாசிரியையின் அறைக்கு நடந்தாள்.

அவளுடைய பிரசவ விடுப்பு விண்ணப்பம் நான்கு நாட்களாக அங்கே கையொப்பமின்றிக் கிடந்தது. கையொப்பமாவதற்கு முன் அவள் பள்ளிக்கு வராமல் நின்றால், வேலையைத் தானே விட்டவளாகக் கருதப்படுவாள். சென்ற ஆண்டு தையல் ஆசிரியை அவ்விதமே வேலையிழந்தாள். இந்தப் பூந்தமல்லிப் பெண்கள் பள்ளியில் ஓர் இடம் காலியானால் அதற்கு ஐந்து பேர் காத்திருந்தனர். நூம்பல் கிராமத்து உழவர் வீடுகளிலிருந்து பயிற்சி முடித்து ஆசிரியையான முதல் பெண் அவள். விட்டால் இந்த வேலை மறுபடி கிடைக்காது என்பதை அவள் அறிவாள்.

தலைமையாசிரியை ஜெயசீலி விண்ணப்பத்தை எடுத்து வைத்துக்கொண்டார்.

"பிரசவம் நடக்கும் இடம், தாய்வீடு, நூம்பல். சரி. பார்க்கப்போறது யாரு?"

"எங்க ஊர் மருத்துவச்சி அங்கம்மாதாங்க. நான் பொறந்தப்பவும் அவங்கதான் பாத்தாங்க."

"அவங்க கைநாட்டு செல்லாது. ஆஸ்பத்திரிக்குப் போகலேன்னா, லைசென்ஸ் உள்ள நர்ஸ் பார்த்து எத்தனாவது மாதம்னு உறுதி சொல்லணும். சகாயம்மாளை வரச் சொல்லியிருக்கேன்."

நான்கு நாட்களாகப் பூங்காவனம் அஞ்சியது இதைத்தான். விண்ணப்பத்தில் எட்டாம் மாதம் என்று எழுதி, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து விடுப்புக் கேட்டிருந்தாள். உண்மையில் ஒன்பது மாதம் நிறைந்துவிட்டது.

அவளுடைய முதல் குழந்தை பிறந்த மூன்றாம் நாள் இறந்தது. ஊரார் வாய்விட்டு மாதத்தை எண்ணியதால் கண்பட்டது என்பது அவள் தாய் முத்தம்மாளின் தீர்ப்பு. ஆகையால் இம்முறை தொடக்கத்திலிருந்தே முத்தம்மாள் எல்லாரிடமும் ஒரு மாதம் குறைத்துச் சொல்லிவந்தாள். மகளுக்கும் கட்டளை இட்டிருந்தாள்: குழந்தை பிறக்கும்வரை சரியான மாதத்தை வாயால் சொல்லக்கூடாது, கையால் எழுதக்கூடாது.

சகாயம்மாள் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார். "இன்னா டீச்சரம்மா, உச்சி வெயில்ல என்னை வறுத்து எடுக்கிறீங்களே!"

கதவைச் சாத்திவிட்டுப் பூங்காவனத்தின் வயிற்றில் கைவைத்தார். அந்த நேரம் பார்த்து அடுத்த வலி வந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரில் தொங்கிய நாட்காட்டியையே பார்த்தாள். சகாயம்மாளின் கை அசையவில்லை.

"எட்டுன்னு யாரு எழுதுனது? தல எறங்கிக்கீது. வயிறு கல்லாட்டம் ஆவுது. எப்பலேர்ந்துமா வலி?"

"பதினோரு மணியிலேர்ந்து. வாய்ப்பாடு நடத்தறப்போ வந்தது."

"வலிய வெச்சிக்கினு வாய்ப்பாடு நடத்துனியா? நல்லா கீது போ!"

ஜெயசீலி கண்ணாடியைக் கழற்றினார். "எட்டுன்னு எழுதினது நீதானே?"

பூங்காவனம் மறைக்காமல் சொன்னாள். இறந்த குழந்தையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்தது. ஜெயசீலி சிரிக்கவுமில்லை, கடிந்துகொள்ளவுமில்லை.

"பொய்யான காகிதத்துல நான் கையெழுத்துப் போடமாட்டேன். எட்டை அடிச்சுட்டுச் சரியானதை எழுது. தேதியையும் இன்னிக்குன்னு மாத்து. பக்கத்துல உன் கையெழுத்து. அப்பறம் என் கையெழுத்து."

"நீங்களே எழுதிக்கக்கூடாதாம்மா?"

"விண்ணப்பம் உன்னது."

"எழுதிட்டுக் கெளம்பும்மா," என்றார் சகாயம்மாள். "நூம்பல் இன்னா பக்கத்துத் தெருவா? வண்டி ஆடி அசைஞ்சி போவ ஒரு மணி நேரம் ஆவும்."

பூங்காவனம் பேனாவை எடுத்தாள். தாள்மீது அது இறங்க மறுத்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மூன்று நாள் மட்டும் மடியில் கிடந்த குழந்தையின் கனம் நினைவுக்கு வந்தது. எழுதினால் வேலை நிலைக்கும். எழுதியதால் வேறொன்று போய்விட்டால்?

"இதை யாரெல்லாம் படிப்பாங்கம்மா?"

"மேலாபீஸ் கிளார்க் படிப்பார். அதிகாரி படிப்பார். எடுத்துக்கிட்டுப் போற பியூனும் படிப்பான்."

"இன்னிக்கேவா?"

ஜெயசீலி விதிப்புத்தகத்தைத் திறந்து, ஒரு பக்கத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே நகர்த்தினார். இரண்டு முறை படித்தார். அதற்குள் மூன்றாவது வலி வந்து, பூங்காவனம் மேசைமேல் கவிழ்ந்துவிட்டாள். சகாயம்மாள் அவள் இடுப்பைத் தாங்கிப் பிடித்தார்.

"கையெழுத்து இன்னிக்கே ஆகணும். அனுப்பறதுக்கு ஏழு நாள் இருக்கு," என்றார் ஜெயசீலி. "உன்கிட்டேயிருந்து சேதி வர்ற வரைக்கும் இது என் பெட்டியை விட்டு வெளியே போகாது. சாவி என்கிட்டே."

பூங்காவனம் சகாயம்மாளைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னை இன்னாத்துக்குப் பாக்கற? மாதா மேல ஆணை, வாயத் தொறக்கமாட்டேன்."

வலி தணிந்தது. அடுத்த வலி வருவதற்குள் பூங்காவனம் எட்டை அடித்து, "ஒன்பது மாதம் நிறைந்தது" என்று எழுதினாள். எழுத்து ஒன்றும் கோணவில்லை. சகாயம்மாள் உறுதியெழுதிக் கொடுத்தார். ஜெயசீலி கையொப்பமிட்டு, தாளை மை உலரும்வரை பிடித்திருந்து, தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டினார். பிறகு தாமே வாசலுக்குப் போய் வண்டியை அழைத்தார்.

திங்கட்கிழமை முதல் மணி அடிப்பதற்கு முன் பூங்காவனத்தின் கணவன் மணவாளன் வந்து நின்றான்.

"பொண்ணுங்கம்மா. வெள்ளிக்கெழம பொழுது சாயச்சொல்ல பொறந்துட்ச்சி."

ஜெயசீலி சாவியைத் தொடவில்லை. "மூணாம் நாள் தாண்டியாச்சா?"

"நேத்தோட தாண்டிட்ச்சிங்க. நல்லா பால் குடிக்குது." அவன் தயங்கினான். "எங்க மாமியாரு ஊரெல்லாம் எட்டாம் மாசத்துலயே பொறந்துட்ச்சின்னு சொல்லிக்கினு கீறாங்க. பாக்க வர்ற பொம்பளைங்க, எட்டு மாசத்துக்கு இம்மாம் பெரிய கொயந்தையான்னு கேக்கறாங்க. உங்களாண்ட யாராச்சும் வந்து கேட்டா..."

"என்கிட்டே யாரும் கேட்கமாட்டாங்க."

அவர் பெட்டியைத் திறந்து தாளை எடுத்தார். திருத்தத்தையும் கையொப்பங்களையும் ஒருமுறை சரிபார்த்து, உறையிலிட்டு ஒட்டினார்.

"விடுப்பு முடிஞ்ச மறுநாள் பத்து மணிக்கு அவ வகுப்புல இருக்கணும்னு சொல்லு."