பாட்டுக்குள் செத்துப்போன ஆபரேட்டர்

ஊரே முணுமுணுக்கிற ராக் பாட்டு அது. ஊருக்குள் வெள்ளம் புகுந்த அன்று, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் தனியாக உட்கார்ந்து, ஆற்றோரத்து வீடுகளுக்கெல்லாம் ஃபோன் போட்டுக் கிளப்பிவிட்ட ஆபரேட்டரின் கதை. ‘லைன்ல இருங்க’ என்று பல்லவி வந்தால் கூட்டம் தொண்டை கிழியக் கத்தும். கடைசிச் சரணத்தில் அவள் மூழ்கிச் செத்துப்போவாள். எல்லோரும் அழுவார்கள்.

செத்துப்போனவளோ சமையலறையில் நிம்மதியாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒருநாள் ரேடியோவில் பாட்டு முடிந்ததும் அவள் புருஷன், அதே எக்ஸ்சேஞ்சில் அந்தக் காலத்து லைன்மேன், மெதுவாகக் கேட்டார்: "அப்போ நான் உன்னைக் காப்பாத்தவே இல்லையா?"

அவளுக்குச் சுருக்கென்றது. அந்த மனுஷன் பீற்றிக்கொள்ள வாழ்க்கையில் இருந்ததே அது ஒன்றுதான், அதையும் பீற்றத் தெரியாதவர். மறுநாளே விசாரித்துக்கொண்டு, அந்த இசைக்குழு பயிற்சி செய்யும் ஷெட்டில் போய் நின்றாள்.

"யாருப்பா என்னைக் கொன்னது?"

விஷயம் புரிந்ததும் தாடிக்காரப் பாடகன் மைக்கைக் கீழே வைத்தான். "பழைய பேப்பர்ல அப்படித்தாம்மா போட்டிருந்தாங்க."

"மறுநாள் தப்புன்னு போட்டாங்களே, அதைப் படிச்சியா? அரைகுறையாப் படிச்சிட்டு ஆளைச் சாகடிப்பியா? உள்ள எனக்கு முழங்கால் வரைக்கும் தண்ணி. வெளியில எங்க வீட்டுக்காரரு வந்து ஜன்னல் கண்ணாடியைக் குறடால மூணு தட்டு தட்டினாரு. ‘ஃபோனை வெச்சுட்டு வாம்மா’ன்னு கத்தினாரு. ‘இன்னும் நாலு வீடு இருக்கு’ன்னேன். நாலும் பேசி முடிக்கிற வரைக்கும், நெஞ்சளவு தண்ணியில கயிறைப் பிடிச்சுக்கிட்டு நின்னாருப்பா!"

"நீங்க செத்தாத்தாம்மா கூட்டம் அழும்" என்று இழுத்தான் தாடி.

"அழுதது போதும். அவரைப் பாட்டுல ஏத்து."

பின்னாலிருந்து டிரம்ஸ்காரப் பெண் எழுந்து வந்தாள். "அந்த மூணு தட்டு எப்படி இருந்துச்சும்மா? தட்டிக் காட்டுங்க."

அடுத்த வாரம் மைதானத்தில் கச்சேரி, முதல் வரிசை. விஷயத்தைச் சொல்லாமல் இழுத்துவரப்பட்ட லைன்மேன், காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார். கடைசிச் சரணத்தில் கிடார், பாட்டு எல்லாம் சட்டென்று நின்றன. டிரம்ஸ் மட்டும்.

டக். டக். டக்.

அவர் பஞ்சைப் பிடுங்கி எறிந்தார். எழுந்து நின்றார். சுற்றிலும் வெள்ளம் புரள்கிற மாதிரி அடிவயிற்றிலிருந்து கத்தினார்:

"ஃபோனை வெச்சுட்டு வாம்மா!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, அவளும் கத்தினாள்:

"இன்னும் நாலு வீடு இருக்குங்க!"