ஏழாவது ஊசி

என் அக்கா என்னோடு பேசி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அப்படிப்பட்டவள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் அக்குபங்சர் சிகிச்சை அறைக்குள் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டாள். வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்ணிடம் மட்டும், "வலது தோள். தூக்க முடியல," என்று சொல்லியிருக்கிறாள். அது சீட்டில் எழுதி என் கைக்கு வந்தது. சொந்த அக்காவின் வலி சீட்டில் எழுதி வருகிற கொடுமையை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். துக்கம் நுரையீரலில் தங்கும், கோபம் கல்லீரலில் தங்கும் என்கிறது நாங்கள் படித்த சீன வைத்தியம். அந்தக் கணக்குப்படி என் கல்லீரல் எப்போதோ கருகியிருக்க வேண்டும். அன்றைக்கு மட்டும் ஏனோ கோபமே வரவில்லை. அவள் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தேன். நுரையீரலுக்கு உரிய இடத்தில் நூலாக ஓடியது. எத்தனை நாள் நான் ஏங்கிய கை அது. பார்க்க வேண்டிய நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பிடித்துக்கொண்டிருந்தேன்.

சண்டை அப்பாவால் வந்தது. நெஞ்சை அடைக்கிறது என்று அவர் என்னிடம் வந்தார். நான் ஊசி போட்டேன். மறுநாள் விடியற்காலையில் போய்விட்டார். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாம உன் ஊசிய நம்பி உக்காந்திருந்தியே," என்று அக்கா எல்லார் முன்னாலும் கேட்டாள். அதுதான் கடைசிப் பேச்சு.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஊசியை இறக்கி, லேசாகத் திருகி, "வந்துச்சா?" என்று கேட்க வேண்டும். உயிராற்றல் வந்து சேர்ந்தால் அந்த இடம் கனக்கும். ஊசியைச் சதை பிடித்துக்கொள்வது எங்கள் விரலுக்கும் தெரியும். படுத்திருப்பவர் பதில் சொன்ன பிறகுதான் அடுத்த ஊசி. அக்காவுக்கு இதெல்லாம் அத்துப்படி. நான் படித்த காலத்தில் குத்திப் பழக எனக்குக் கை நீட்டியவளே அவள்தான்.

தோளுக்கான முதல் ஊசி முழங்காலுக்குக் கீழே.

"வந்துச்சா?"

வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போலக் கிடந்தாள். நானும் விடவில்லை, ஊசியைப் பிடித்தபடியே நின்றேன்.

"வந்துச்சு," என்றாள் கடைசியில்.

அந்த ஒரு சொல்லுக்கு நான் அப்படியே உருகிப்போனேன். இரண்டாவது, மூன்றாவது என்று போட்டுக்கொண்டே போனேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு "வந்துச்சு". ஆறோடு தோளுக்கு வேண்டியது முடிந்தது. விளக்கைத் தணித்துவிட்டு நான் வெளியே போயிருக்க வேண்டும். ஆசை யாரை விட்டது? ஏழாவதை எடுத்து, இடது மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாக இறக்கினேன்.

"வந்துச்சா?"

அக்கா கண்ணைத் திறந்தாள். "இது தோளுக்கு இல்லையே. தூக்கத்துக்குப் போடுறதுல்ல? எனக்குத் தூக்கம் வரலன்னு உன்கிட்ட யாரு சொன்னா?"

நாடி சொன்னது என்று அளந்துவிட்டிருக்கலாம். அவளிடம் முடியவில்லை.

"யாரும் சொல்லலக்கா. ஆறோடயே முடிஞ்சுபோச்சு. நீ இன்னொரு தடவை வாயைத் திறப்பேன்னுதான் இதை வச்சேன்."

அவள் கூரையைப் பார்த்தாள். "அப்பாவுக்கு வச்சப்போ, வந்துச்சுன்னு சொன்னாரா?" என்றாள்.

"சொன்னார்."

"நிஜமாவே வந்துச்சா?"

இத்தனை வருஷத்தில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்கத் தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான்.

"இல்லக்கா. வெண்ணெய்ல இறங்குற மாதிரி இறங்குச்சு. எங்கயும் பிடிக்கல. என் மனசு நோகக்கூடாதுன்னு அவர் வந்துச்சுன்னு சொன்னார். என் விரலுக்குத் தெரிஞ்சுது. அப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருக்கணும். நான் விரலை விட்டுட்டு அவர் வாயை நம்பிட்டேன். நீ கேட்டது சரிதான்."

திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டினாலும் அது பேச்சுதானே.

"அன்னைக்குச் சாயங்காலம் எனக்கும் போன் பண்ணார்," என்றாள் அக்கா. "'நம்ம குட்டி எனக்கு ஊசி போட்டுட்டா, வலி பஞ்சாப் பறந்துபோச்சு, நீ அலையாத'ன்னார். பேசும்போதே அவருக்கு மூச்சு வாங்குச்சு. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. மறுநாள் வேலைக்குப் போகணுமேன்னு நானும் சரின்னு போனை வச்சிட்டேன்."

கண்ணை மூடிக்கொண்டாள்.

"யாராவது என்னைக் கேக்குறதுக்கு முன்னாடி நான் உன்னைக் கேட்டுட்டேன், குட்டி."

அவள் கண்ணீர் பக்கவாட்டில் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைத்துக்கொள்ளக் கை வரவில்லை. வலது கை தோள்வலியில் எழாது, இடது கையில் என் ஊசி நின்றது. நான்தான் துடைத்துவிட்டேன்.