ஒற்றை இழையில் நின்ற பொத்தான்

தன் பெண்டாட்டியைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை என்று கல்யாணமான புதிதிலேயே தராசு முடிவெடுத்துவிட்டார். தராசு என்பது செய்தித்தாளில் அவர் எழுதும் பத்தியின் பெயர். நாளடைவில் ஆளுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நாடகமோ சினிமாவோ, அவர் நிறுத்துச் சொன்னால் அப்பீல் கிடையாது. மனைவி மேடை நடிகை. வீட்டு ஆளைத் தட்டில் ஏற்றினால் ஊர் வாய்க்குத் தீனி போட்டதாகிவிடும் என்பார். அவளும் அதைப் பெருமையாகத்தான் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பாவம், பெருமைப்பட அவளுக்கு வேறென்ன இருந்தது?

அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது ஒரே ஒரு நாடகம். அதில் அவள் தாய். மகன் மறுநாள் முதன்முதலாக வேலைக்குப் போகப்போகிறான். அவனுடைய சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். மகன் விபத்தில் போய்விட்டான் என்று சேதி வருகிறது. இரண்டாம் பாதியின் கடைசிக் காட்சி அது. வாய்விட்டு அழ வேண்டும் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். கடைசி ஒத்திகையில் அவள் அழ வாயெடுத்த நேரத்தில் சீருடையின் பித்தளைப் பொத்தான் ஒன்று நிஜமாகவே அறுந்து விழுந்து, மேடைப் பலகையில் உருண்டு ஓடியது. அவள் அழ மறந்து, மண்டியிட்டு அதைத் தேடினாள். கிடைத்ததும் சட்டையில் அது இருந்த இடத்தில் வைத்து, விரலால் அழுத்திப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். விளக்குக்காரர் விளக்கை அணைக்க மறந்துபோனார். இயக்குநர் மேடையேறி வந்து, "அழுகையை விட்டுடுங்கம்மா, இதையே வச்சுக்குவோம்" என்றார்.

பொத்தான் நாள்தோறும் தானாக விழுமா? அதற்கும் அவளே வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பொத்தானைப் பிடித்திருக்கும் நூலையெல்லாம் கத்தரியால் நறுக்கி, ஒரே ஒரு இழையை மட்டும் விட்டுவைப்பாள். மேடையில் சுண்டினால் போதும், விழுந்துவிடும். தராசு எதிரே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே, "உங்க குழுவில தைக்கிறதுக்குக்கூட ஆள் இல்லையா?" என்று ஒருமுறை கேட்டார். அவள் சிரித்தாள். எல்லாம் தெரிந்துகொண்டுதான் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தாள்.

நாடகம் சினிமாவானது. தாய் வேடம் பெரிய நட்சத்திரத்துக்குப் போனது. மேடை முகம் திரைக்கு ஒத்துவராது என்று தயாரிப்பாளர் சொன்னாராம். அவர் முகம் எதற்கு ஒத்துவரும் என்று யாரும் கேட்கவில்லை. நட்சத்திரம் நாடகத்தைத் திரும்பத் திரும்ப வந்து பார்த்தாள். ஒப்பனை அறைக்குள் வந்து, "அக்கா, அந்தப் பொத்தான் எப்படிக்கா கரெக்டா விழுது?" என்று கேட்டாள். கேட்டவளுக்குச் சொல்லாமல் இருப்பாளா? கத்தரியைக் கையில் கொடுத்தே காட்டினாள்.

படம் வந்த வெள்ளிக்கிழமை காலை, விருது சீசனின் சூட்டோடு தராசின் விமர்சனமும் வந்தது. அவள் அடுப்படியில் நின்றபடியே படித்தாள்.

"பொத்தான் உருளும் அந்த நிமிடம் இந்த நடிகையின் சொந்தக் கண்டுபிடிப்பு. மேடையில் இது நடக்கவே முடியாது. கடைசி வரிசையில் இருப்பவருக்கு ஒரு பொத்தான் எங்கே தெரியும்? நாடகத்தின் கை எட்டாத இடத்தை சினிமா இங்கே தொட்டுவிடுகிறது."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. கடைசி வரிசைக்குப் பொத்தான் தெரியாதுதான். ஆனால் கேட்டது. அத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு, பித்தளை உருண்டு போய் நிற்கிற வரை கேட்டார்கள். அரங்கில் உட்கார்ந்திருந்த எவனும் இப்படி எழுதமாட்டான்.

தராசு குளித்துவிட்டு வரும்வரை காத்திருந்தாள்.

"என் நாடகத்தை நீங்க பார்த்தீங்களா?"

"இதென்ன கேள்வி? முதல் காட்சிக்கே வந்தேனே."

"கடைசி வரைக்கும் இருந்தீங்களா?"

தலையைத் துவட்டிக்கொண்டிருந்த துண்டு ஒரு கணம் நின்றது. "அன்னைக்குப் படவிழா தொடக்கம். இடைவேளையில கிளம்பினாத்தான் அங்க போய்ச் சேரமுடியும். உன்னைப் பத்தி நான் எழுதப்போறதில்ல. அப்புறம் உட்கார்ந்து என்ன பண்ண?"

"அதுக்கு அப்புறம் எத்தனையோ தடவை போட்டோமே."

"நீ எப்படியும் நல்லாத்தான் பண்ணியிருப்ப. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது. அந்த ஒரு வார்த்தையை இத்தனை வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்தாளே, அதை நினைக்கத்தான் ஆத்திரமாக வந்தது. பொத்தான் கதை முழுவதையும் சொன்னாள்.

"ஒரு வரி திருத்தம் போடுங்க. எனக்காக வேண்டாம். தப்பா எழுதிட்டீங்க, அதுக்காக."

"நடக்கிற காரியமா? இந்த வருஷம் விருதுக் குழுவுக்கு நான்தான் தலைவர். பொண்டாட்டிக்காக மாத்தி எழுதினான்னு சிரிப்பாங்க. விருதெல்லாம் முடியட்டும், பார்க்கலாம்."

விருது முடிந்தது. நட்சத்திரத்துக்குத்தான் கிடைத்தது. தராசுக்குப் பக்கத்து இருக்கையில் அவளும் உட்கார்ந்து கைதட்டினாள். நட்சத்திரம் மேடையில் நின்று அப்பா, அம்மா, ஒளிப்பதிவாளர், முடி திருத்தியவர் வரைக்கும் நன்றி சொன்னாள். தராசின் அந்த வரியைத் தப்பில்லாமல் மனப்பாடமாக ஒப்பித்தாள். அரங்கம் ஆர்ப்பரித்தது. தராசு எழுந்து நின்று தலை குனிந்து வணங்கினார். பக்கத்தில் இருந்தவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

விருந்தில் நட்சத்திரமே தேடிக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பெண்தான், அதுதான் கொடுமை.

"அக்கா, மேடையில உங்க பேரைச் சொல்லணும்னு எழுதியே வச்சிருந்தேன்க்கா. சார் அது என் சொந்தக் கண்டுபிடிப்புன்னு எழுதிட்டார். விருது கொடுக்கிற சபையில வச்சு, அவர் எழுதினது தப்புன்னு நான் எப்படிச் சொல்றது? அவருக்கு அவமானமாயிடும்ல."

தராசு தட்டில் இருந்த எதையோ மும்முரமாகக் கிளறிக்கொண்டிருந்தார்.

படத்தின் புண்ணியத்தில் நாடகத்தை மறுபடி போட அழைப்பு வந்தது. அரங்கம் நிரம்பியது. தராசு தானாகவே சொன்னார்: "இந்தத் தடவை முழுசா இருக்கேன்." அவளுக்கு மனசு இளகியது, இளகியிருக்க வேண்டாம். மதியம் மேசையில் உட்கார்ந்து கல்யாணப் பெண்ணைப் போல ஆசையோடு நூலை நறுக்கினாள். அவர் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் போகட்டும் என்றிருந்தது.

இரண்டாம் பாதி. சேதி வந்தது. அவள் சீருடையைக் கையில் எடுத்ததுமே கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. சுண்டினாள். பொத்தான் விழுவதற்குள் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது, விசிலும் அடித்தார்கள். முன் வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளிடம், "அப்படியே படத்துல வர்ற மாதிரியே பண்றாங்க பாரு" என்றார். பித்தளை உருண்ட சத்தம் அவள் காதுக்கே கேட்கவில்லை. மண்டியிட்டுத் தேடினாள். தராசும் கைதட்டிக்கொண்டிருந்தது மேடை விளிம்பு விளக்குகளின் வெளிச்சத்தில் தெரிந்தது.

மறுநாள் காலைச் செய்தித்தாளில், அவர் பொறுப்பில் வரும் பக்கத்திலேயே விமர்சனம் வந்திருந்தது. எழுதியவர் புதிதாகச் சேர்ந்த நிருபர், நல்ல நாடகம் என்று பாராட்டிவிட்டுக் கடைசியில் முடித்திருந்தார்: "புகழ்பெற்ற பொத்தான் காட்சியைத் திரையிலிருந்து அப்படியே பிரதியெடுத்திருக்க வேண்டாம். அனுபவமுள்ள நடிகையிடம் சொந்தமாக ஏதாவது எதிர்பார்த்தோம்."

அவள் இரண்டு தடவை படித்தாள். தாளை மடித்து அவர் முன்னால் வைத்தாள்.

"இது அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நீங்க பார்த்தீங்களா?"

"என் பக்கமாச்சே, பார்க்காம எப்படிப் போகும்?"

"பார்த்தும் விட்டுட்டீங்க."

"வீட்டு விஷயம். நான் கைவைக்கக் கூடாது. என் கொள்கை உனக்குத் தெரியாததா?" குரலில் கொஞ்சமும் கள்ளம் இல்லை. கொள்கையை விட்டுக்கொடுக்காததற்கு அவள் பாராட்டுவாள் என்றுகூட எதிர்பார்த்தார் போலிருந்தது.

அன்று மாலையும் காட்சி இருந்தது. சீருடையை மேசைமேல் விரித்தாள். ஊசியில் தடித்த நூலைக் கோத்து, பொத்தானை வைத்துத் தைத்தாள். குறுக்கும் நெடுக்குமாகத் தைத்து, அடியில் சுற்றி இறுக்கி, முடிச்சின்மேல் முடிச்சுப் போட்டாள். பல்லால் நூலைக் கடித்துவிட்டுப் பொத்தானைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

தராசு கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே வந்தார். "இன்னைக்கும் வரேன். ஆனா இடைவேளையோட கிளம்பணும், ஒரு புதுப்படத்துக்குப் பிரிவியூ இருக்கு. தப்பா நினைச்சுக்காதே."

"தாராளமாப் போங்க" என்றாள் அவள், சீருடையை மடித்தபடி. "இனிமே ரெண்டாம் பாதியில ஒண்ணும் இல்ல."