நானூற்று முப்பது கிராம் வாயு

“வாசல் பக்கம் திருப்பிப் பிடிங்க. மூஞ்சில படாம. ம், இப்பத் திறங்க.”

பட்டறை சார் சொல்லி முடிப்பதற்குள் புஸ்ஸென்று சத்தம். ஜன்னலில் மாட்டும் சின்ன ஏசி ஒன்றின் வயிற்றிலிருந்த வாயு முழுக்க இரண்டே நிமிடத்தில் கதவு வழியாக வெளியே போய்விட்டது. குளிர்சாதனம் பழுதுபார்க்கும் படிப்பில் எதற்கும் முதல் படி அதுதான். உள்ளே வாயு இருந்தால் குழாயை அறுக்க முடியாது, பற்றவைக்கவும் முடியாது.

“போயிருச்சா?”

“போயிருச்சு சார்.”

“எங்க சார் போச்சு?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கேட்டது லிஃப்ட் அக்கா. பன்னிரண்டு பேர் கொண்ட தொகுதியில் அவளுக்குத்தான் வயது அதிகம், நாற்பத்தொன்று. ஒரு மருத்துவமனையில் ஒன்பது வருடம் லிஃப்ட் ஓட்டினாள். பிறகு லிஃப்டுகள் தாமே ஓடக் கற்றுக்கொண்டன; அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். அதே மருத்துவமனையில் மருந்து வைக்கும் குளிர்கிடங்கில் ஆள் தேவை, முப்பதாம் தேதிக்குள் சான்றிதழோடு வந்தால் இடம் உங்களுக்குத்தான் என்று அங்கிருந்த பொறுப்பாளர் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் நாலு மாதமாக இங்கே குழாய் அறுத்துக்கொண்டிருக்கிறாள்.

“எங்க போகும்? காத்தோட காத்தா போயிருக்கும்.”

“மாடியில பூகோளம் டீச்சர் வேற மாதிரி சொல்றாங்களே சார்.”

பட்டறை முழுக்கச் சிரிப்பு. வெள்ளிக்கிழமைதோறும் மாடியில் ஒரு மணி நேரம் ‘சுற்றுச்சூழலும் உலகக் குடிமையும்’ என்று ஒரு வகுப்பு உண்டு. அதை எடுக்கிறவருக்கு யாரோ பூகோளம் என்று பெயர் வைத்து, அது ஒட்டிக்கொண்டது. ஏசியிலிருந்து கசிகிற வாயு பூமியையே சூடாக்கும், அது எல்லைக்கோடு பார்த்து நிற்காது, எங்கோ கடலோரத்தில் இருக்கிறவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் அதில் நம் பங்கும் உண்டு என்பார். எல்லோரும் எழுதிக்கொள்வார்கள். எழுதியதை மூடிவிட்டுக் கீழே வந்து புஸ்.

“அது மாடிப் பாடம்மா. இது கீழ்ப் பாடம்,” என்றார் சார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா சும்மா இருக்கவில்லை.

“டீச்சர், நாங்க தினம் எத்தனை தடவை திறந்து விடுறோம்னு உங்களுக்குத் தெரியுமா?”

“திறந்து விடுறீங்களா?” டீச்சரின் கையிலிருந்த சாக்பீஸ் அப்படியே நின்றது. “அதை இழுத்துச் சிலிண்டர்ல அடைக்கிற மெஷின் வாங்கிக் கொடுத்திருக்காங்களே!”

“முதல்வர் ரூம்ல கண்ணாடி அலமாரியில இருக்கே, அதுவா? அதுக்கு வெளியூர்க்காரங்க வர்ற அன்னிக்குத்தான் தரிசனம்.”

டீச்சர் அன்று மூன்று வருடத்தில் முதல் தடவையாகப் பட்டறைக்குள் காலெடுத்து வைத்தார். சாரோடு பேசிப் பார்த்தார்.

“டீச்சர், பரீட்சை ஒன்றரை மணி நேரம். அந்த மெஷின் மட்டும் இருபத்தஞ்சு நிமிஷம் சாப்பிடும். மதிப்பெண் தாள்ல நேரத்துக்கு முப்பது மார்க் இருக்கு. உங்க மெஷினுக்கு எவ்வளவு இருக்கு? பூஜ்யம். பிள்ளைங்க எதைச் செய்வாங்க, சொல்லுங்க?”

“அந்தத் தாளை எழுதினது யாரு?”

“நான்தான். பதினொரு வருஷத்துக்கு முன்னால.”

டீச்சர் நேராக முதல்வர் அறைக்குப் போனார். அலமாரிச் சாவியை வாங்கி மெஷினைப் பட்டறை மூலையில் இறக்கி வைத்துவிட்டுத்தான் போனார். அக்கா மட்டும் மத்தியான இடைவேளைகளில் அதன் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டினாள்.

இறுதிப் பரீட்சை இருபத்தெட்டாம் தேதி. ஏசியைத் திறந்து, பழைய வடிகட்டியை எடுத்துவிட்டுப் புதியதைப் பற்றவைத்து, மறுபடி வாயு நிரப்பிக் குளிர வைத்துக் காட்ட வேண்டும். மணி அடித்ததும் பதினொரு புஸ் கேட்டது. பன்னிரண்டாவது கேட்கவில்லை.

“அம்மா, என்ன பண்றீங்க?”

“மெஷினை மாட்டுறேன் சார்.”

“கடிகாரம் உங்களுக்காக நிக்காது.”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சே பண்றீங்களா?”

“திறக்கலாம்னுதான் கையை வச்சேன். கை வரல சார்.”

மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. தராசில் வைத்திருந்த சிலிண்டரின் எடை மெல்ல மெல்ல ஏறியது. அவள் பற்றவைத்தது பதினொரு பேரையும்விடச் சுத்தமாக இருந்தது. ஆனால் உள்ளிருக்கும் ஈரத்தைப் பம்பு வைத்து உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதே முடிவு மணி அடித்துவிட்டது. வாயு நிரப்பவில்லை. ஏசி குளிரவில்லை. தோல்வி.

வீட்டில் நாத்தனார் கதவைத் திறந்ததுமே கேட்டாள்.

“என்ன அண்ணி, முகம் தொங்குது?”

“பெயில்.”

“என்னது! நாலு மாசமா கனவுல கூட குழாய் குழாய்னு உளறினீங்களே!”

அக்கா நடந்ததைச் சொன்னாள். நாத்தனார் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள்.

“சரி, உலகம் பொழைச்சுதா?”

“கிண்டல் பண்ணாதடி.”

“கிண்டல் இல்லண்ணி. பொழைச்சிருந்தா, உங்களுக்கு ஒரு வேலை போட்டுத் தரச் சொல்லுங்க அதை.”

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். குளிர்கிடங்கு கண்முன்னே கதவைச் சாத்திக்கொண்டதுபோல இருந்தது.

அங்கே பட்டறையில் சார் சாமான்களை ஒழுங்குபண்ணிக்கொண்டிருந்தார். தராசிலிருந்து சிலிண்டரைத் தூக்கப் போனவர் எண்ணைப் பார்த்து நின்றார். காலிச் சிலிண்டரைவிட நானூற்று முப்பது கிராம் கூடுதல். கையில் தூக்கிப் பார்த்தார். காற்றோடு காற்றாகப் போகும் என்று சொன்ன ஒன்று கையில் கனத்தது.

மாடியிலிருந்து டீச்சரைக் கூப்பிட்டார்.

“வருஷத்துக்கு மூணு தொகுதி, தொகுதிக்குப் பன்னிரண்டு பேரு, ஆளுக்குப் பத்துத் தடவையாவது திறந்து பழகுறாங்க. பதினொரு வருஷம். பெருக்கிச் சொல்லுங்க டீச்சர்.”

டீச்சர் பெருக்கினார். “ஆயிரத்து எழுநூறு கிலோ சார்.”

“ஒரு லாரி. இந்த வாசல் வழியா ஒரு லாரி வாயுவை அனுப்பியிருக்கேன். அதுக்கு மார்க் வேற போட்டிருக்கேன்.”

“நான் மட்டும் என்ன? படியிறங்கி வந்து பார்க்க எனக்கு மூணு வருஷம் ஆச்சு.”

மறுநாள் காலை சார் பன்னிரண்டு பேரையும் நிற்க வைத்தார்.

“நேத்து முடிவை நான் மேல அனுப்பல. தாளை மாத்தியிருக்கேன். வாயுவைப் பிடிக்க அரைமணி நேரம் தனியா உண்டு, பிடிச்ச எடைக்கு முப்பது மார்க். திறந்து விட்டா அங்கேயே பரீட்சை முடிஞ்சுது. எல்லாரும் மறுபடி எழுதணும்.”

“சார்!” மீசைக்காரன் குதித்தான். நேற்று முதல் மதிப்பெண் அவன்தான். “பாஸ்னு சொன்னீங்களே! வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே!”

“சொன்னேன். தப்பாச் சொன்னேன்.”

“எல்லாம் இந்த அக்காவால வந்தது.”

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. “சார், எனக்காக இவங்களை ஏன்...”

“உங்களுக்காக இல்லம்மா. எனக்கே இது தெரியாது. முதல்ல நான்தான் கத்துக்கணும்.”

சொல்லிவிட்டு எல்லோர் முன்னாலும் குழாய்களை மாட்டினார். பொத்தானை அழுத்தினார். மெஷின் இரண்டு தடவை உறுமி, படக்கென்று நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினார். மறுபடி நின்றது.

“மட்டமான மெஷின்,” என்றார் சார்.

“சார், சிலிண்டர் வாயைத் திறக்கல. போக வழியில்லாம அது மூச்சு முட்டி நின்னுருது. நானும் மூணு நாள் இதே கூத்துதான் ஆடினேன்,” என்றாள் அக்கா.

மீசைக்காரன் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு கோபமாக இருக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்து மீசையை இழுத்துக்கொண்டான்.

இருப்பது ஒரே மெஷின். பன்னிரண்டு பேரும் பழக ஐந்து நாளாவது வேண்டும். மறுபரீட்சை நாலாம் தேதி என்று முடிவானது. அக்கா மருத்துவமனைக்குப் போன் செய்தாள்.

“முப்பதுக்குள்ளன்னு சொல்லியிருந்தேனேம்மா,” என்றார் பொறுப்பாளர்.

அவள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

“மேல இருந்து என்னைக் குடையறாங்க. நாலாம் தேதி சாயங்காலம் அஞ்சு மணிக்குச் சான்றிதழ் என் மேசையில இருக்கணும். அஞ்சு அஞ்சுக்கு வந்தா அடுத்த ஆளு.”

“வந்துருவேன் சார்.”

நாலாம் தேதி மத்தியானம் ஒரு மணிக்குப் பரீட்சை தொடங்கியது; ஒரு புஸ்கூடக் கேட்கவில்லை. ஒரே மெஷின் என்பதால் ஒவ்வொருவராகப் போனார்கள். அக்காவின் முறை ஏழாவது. மீசைக்காரன் மூன்றாவது; அவன் வரிசைச் சீட்டை அவள் கையில் திணித்தான்.

“அக்கா, நீங்க முன்னால போங்க. உங்களுக்குத்தான் பஸ் பிடிக்கணும்.”

“கோபம் போயிருச்சா?”

“இருக்கு. ஆனா அஞ்சு மணி எனக்கில்லையே.”

வாயு சிலிண்டருக்குள் போனது. குழாய் அறுந்தது, ஒட்டியது. பம்பு உறிஞ்சியது, வாயு நிறைந்தது. ஏசியின் முன்னால் சார் உள்ளங்கையை நீட்டினார். குளிர்ந்த காற்று விரல்களுக்கு நடுவே வந்தது.

“முடிச்சிட்டீங்கம்மா.”

மூன்றே முக்காலுக்கு மை காயாத சான்றிதழை உறையில் போட்டுக்கொண்டு அவள் வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து டீச்சர் ஓடி வந்தார்.

“நில்லுங்க! இதுவரைக்கும் மொத்தம் எவ்வளவு எடைன்னு கேட்டுட்டுப் போங்க!”

“பன்னிரண்டு பேரும் முடிக்கட்டும் டீச்சர், போன்ல சொல்லுங்க!” என்று கத்திக்கொண்டே அக்கா நகரத் தொடங்கிய பஸ்ஸின் கம்பியைப் பிடித்து ஏறினாள்.