பிள்ளை இல்லாத லீவு

பேராதனை ஆஸ்பத்திரியில் டிக்கட் வெட்டி அனுப்பி, வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் கிருஷாந்திக்குக் கடையிலிருந்து போன் வந்தது. ஹந்தானைத் தோட்ட லயத்துக் காம்பராவில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். புருஷன் நிரோஷன்தான் போனை எடுத்து அவள் காதில் வைத்தான்.

பேசியது ராஜலிங்கம். கண்டி டவுனில் அவள் நான்கு வருஷமாகச் சேலை விற்கும் ஜவுளிக்கடையின் மேனேஜர்.

"கேள்விப்பட்டேம்மா. ரொம்பக் கவலையாப் போச்சு. திங்கக்கெழமை வந்துருவியா? தீபாவளி யாவாரம் தொடங்கிருச்சு."

"சார், எனக்குப் பிள்ளப்பேறு லீவு இருக்குன்னு சொன்னாங்க..."

"அது பிள்ளையப் பாத்துக்கக் குடுக்குற லீவும்மா. பிள்ளையே இல்லைன்னா என்னத்துக்கு லீவு? வரலைன்னா இப்பவே சொல்லிரு. வேற ஒரு பொண்ணு வேலை கேட்டுக்கிட்டு நிக்குது."

ஏழரை மாதத்தில் வயிற்றிலேயே அசைவு நின்றுபோன ஆண் பிள்ளை. ஒரே ஒரு தடவை முகத்தைக் காட்டினார்கள். அதற்குள் மேனேஜருக்கு அது "பிள்ளையே இல்லை" ஆகிவிட்டது.

"போகாத," என்றான் நிரோஷன். ஆனால் வீட்டுச் செலவுக்கு அவள் சம்பளம் ஒன்றுதான் இருந்தது. அவன் ஓட்டிய த்ரீவீலைத் தவணை கட்டாததால் லீசிங்காரர்கள் எடுத்துப் போய் ஒரு மாதமாகிறது. திங்கட்கிழமை விடிந்ததும் அவளே எழுந்து சேலையைக் கட்டிக்கொண்டாள்.

கடையில் எல்லாரும் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார்கள். கூட வேலை செய்யும் மூத்தவள் மஸாஹிரா ராத்தா மட்டும் வந்து கையைப் பிடித்தாள். வேலை நேரத்தில் விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது. தையல் போட்ட இடம் வலித்தது. கிருஷாந்தி கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பகல் பன்னிரண்டு மணியிருக்கும். சேலை பார்க்க வந்த ஒரு பெண்ணின் தோளில் கைக்குழந்தை வீறிட்டு அழுதது. கிருஷாந்தியின் மார்பு பால் கட்டிக் கல்லாக இறுகியது. சட்டையின் முன்பக்கம் சூடாக நனைந்தது. அவள் விரித்துக் காட்டிக்கொண்டிருந்த சேலையை அப்படியே வாரி மாரோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"அந்தச் சேலைய கீழ வை! விக்கிற சாமான்!" ராஜலிங்கம் கல்லாவிலிருந்து கத்தினார்.

மஸாஹிராதான் அவளைச் சாமான் அறைக்குள் இழுத்துப் போனாள். பழைய துணியை மடித்துச் சட்டைக்குள் வைத்துவிட்டாள்.

"பிள்ள தங்காட்டியும் லீவு ஈக்கி தங்கச்சி. எண்ட மருமக பஸ்னாக்கு ஒபீஸ் ஒண்டுல வேல. அவ சொன்ன. நீ நாளைக்கே லேபர் ஒபீஸுக்குப் போ."

மறுநாள் காய்ச்சலில் உடம்பு சுடச்சுட அவள் போனாள். அதிகாரி ஒரு சிங்களப் பெண். தமிழை யோசித்து யோசித்துப் பேசினார்.

"பிள்ளை உயிரோட பிறக்க இல்லாட்டியும் ஆறு கிழமை, நாற்பத்திரண்டு நாள் லீவு இருக்கு. சம்பளத்தோட. உங்கட நியமனக் கடிதம்?"

"தரல மிஸ்."

"சம்பளச் சிட்டை? ஈ.பி.எப். நம்பர்?"

"கவர்ல போட்டுக் கையில குடுப்பாங்க. நம்பர் கேட்டா, பொறகு பாப்போம்னு சொல்லுவாங்க."

அதிகாரி கடைக்குப் போன் செய்தார். மறுபக்கம் ராஜலிங்கத்தின் குரல் கிருஷாந்திக்கும் கேட்டது. "அப்படி ஒருத்தி நம்மகிட்ட வேலை செய்யலையே மிஸ்."

நான்கு வருஷம். கிருஷாந்திக்கு அழுகைகூட வரவில்லை.

"கூட வேலை செய்த யாராவது எழுதித் தருவாங்களா?" அதிகாரி கேட்டார்.

மஸாஹிராவின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அவள் புருஷன் ரஸீனுக்குக் கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

"யாரும் இல்ல மிஸ்," என்றாள்.

வெளியே வந்து ஹந்தானை பஸ்ஸுக்குப் போகாமல் கடைக்கே போனாள். பின்னேர யாவாரம் மும்முரமாக இருந்தது. கல்லாவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், நான் யாரு?"

ராஜலிங்கம் மீதிக் காசை எண்ணிக்கொண்டே சொன்னார். "வெளிய போம்மா. ஆளுக இருக்காங்க."

"இந்தக் கடையில வேலை செய்யலைன்னு சொன்னீங்களே. அப்ப நாலு வருஷமா இங்க நின்னது யாரு? நேத்து பால் வடிய வடிய நின்னது யாரு சார்?" அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து பார்த்தார்கள்.

மாடிப்படியில் மஸாஹிரா நின்றாள். கையிலிருந்த துணிக்கட்டைப் படியிலேயே வைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

"எழும்பு. நான் எழுதித் தாரன்."

"வேணாம் ராத்தா. உங்க வேலை..."

"எழும்பு செல்லுறன்."

அடுத்த நாள் காலை கடை திறக்குமுன் மஸாஹிரா லேபர் ஒபீஸில் வாக்குமூலம் எழுதிக் கையெழுத்து வைத்தாள். போன வருஷம் நல்லாச் சேலை விற்றதற்காக ராஜலிங்கமே கிருஷாந்தியின் கையில் பரிசு கொடுக்கும் படம் மஸாஹிராவின் போனில் இருந்தது. அதையும் காட்டினாள்.

அதிகாரி கடைக்கு வந்து வேலையாட்களின் வரவுப் புத்தகத்தைக் கேட்டார். அதற்கப்புறம் ராஜலிங்கத்தின் பேச்சு மாறியது. ஏதோ பிழை நடந்துவிட்டதாம். லீவும் சம்பளமும் ஒத்துக்கொண்டார்கள். பிள்ளை பிறந்த நாளிலிருந்து எண்ணினால் இன்னும் நான்கு கிழமையும் சில நாளும் மீதி.

லீவின் முதல் கிழமையிலேயே நிரோஷன் டவுனுக்குப் போய்விட்டுச் செய்தி கொண்டுவந்தான். மஸாஹிராவைக் கவுண்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது சாமான் அறையில் துணிக்கட்டு தூக்குகிறாள்.

கிருஷாந்தி உடனே போன் போட்டாள். "ராத்தா, நான் போயி முறைப்பாட்ட வாபஸ் வாங்கிர்றேன். என்னால உங்களுக்கு..."

"வாங்கினா எனக்குக் கவுண்டர் கெடைக்குமா? அதுவும் கெடைக்காது, ஒனக்கு லீவும் போகும்." மஸாஹிரா மூச்சு வாங்கினாள். பாரம் தூக்கிய மூச்சு. "காச்ச விட்டிச்சா?"

"இல்ல."

"அப்ப போன வெச்சிட்டுப் படு."

அவள் படுத்தாள். மத்தியானம் முழுக்க வெளியே மழை பெய்தது. பிள்ளை போனபின் அன்றுதான் முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதாள். நிரோஷன் தடுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தான்.