ஆறாம் படுக்கையில் பெரிஸ்டால்சிஸ்

உயிரியல் டீச்சர் டாக்டரிடம் பொய் சொன்னது அன்று காலையில்தான். ஆறாம் படுக்கையில் இருந்த அவருக்குக் குடலில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள். "காத்து பிரிஞ்சுதாம்மா?" என்று வார்டில் இருக்கும் ஆறு படுக்கைக்கும் கேட்கிற மாதிரி கேட்டார் டாக்டர். கால்மாட்டில் மாப்பிள்ளை நின்றிருந்தார். மகளைக் கட்டி எட்டு மாதம்தான் ஆகிறது. அத்தை எதிரில் உரக்கத் தும்மக்கூடத் தயங்குகிறவர். அவர் முன்னால் இதை எந்த வாயால் சொல்வது?

"இல்ல" என்றார் டீச்சர்.

விடிந்ததிலிருந்து இரண்டு தடவை பிரிந்திருந்தது.

டாக்டர் முகம் சுருங்கியது. காற்று பிரிந்தால்தான் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தம். அதுவரை சொட்டுத் தண்ணீர் கிடையாது. "மதியம் வரைக்கும் பாப்போம். அப்புறம் ஸ்கேன். அடைப்பு இருந்தா திரும்பவும் வயித்தைத் திறக்கணும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

டீச்சர் டாக்டரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு வருடமாக, வாயைப் பொத்திச் சிரிக்கும் பிள்ளைகளை, "உடம்பு செய்யற வேலையில சிரிக்க என்ன இருக்கு?" என்று அதட்டியவர். இப்போது அவருக்கே நாக்கு எழவில்லை. பாழாய்ப்போன வெட்கம்!

சிஸ்டர் வந்து வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். உள்ளே குடல் இரைவது நன்றாகக் கேட்டது; புருவம் உயர்ந்தது. மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தாள்.

"டீச்சர், ஒரு சந்தேகம். பெரிஸ்டால்சிஸ்னா என்ன?"

கள்ளி! அவளுக்குத் தெரியாததா? ஆனால் கேள்வி என்று வந்துவிட்டால் டீச்சரால் சும்மா இருக்க முடியாது. தலையணையில் நிமிர்ந்தார்.

"குடல் தசை சுருங்கி விரிஞ்சு, உள்ள இருக்கறதை அலை அலையாக் கீழ தள்ளும். அந்த அசைவுக்குத்தான் அந்தப் பேரு. நீ தலைகீழா நின்னாலும் அது பாட்டுக்கு நடக்கும்."

மற்ற படுக்கைகளில் இருந்தவர்களும் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"அது நடக்குதுன்னு எப்படித் தெரியும் டீச்சர்?"

டீச்சர் ஒரு கணம் மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு வகுப்பறைக் குரலில் கணீரென்று சொன்னார்.

"காத்து பிரியும். எனக்குப் பிரிஞ்சுது. காலையில சொன்னது பொய். டாக்டரைக் கூப்பிடும்மா."

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் வந்து வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஸ்கேன் வேணாம். ரெண்டு ஸ்பூன் தண்ணி குடுங்க" என்றார். மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே போனை எடுத்து மனைவியை அழைத்தார். "அத்தைக்குக் காத்து பிரிஞ்சிடுச்சு!" வராந்தா முழுக்கக் கேட்டது.

தண்ணீர் தொண்டையில் குளுகுளுவென்று இறங்கியது. டீச்சருக்குப் பெருமை பிடிபடவில்லை.

"ரெண்டு தடவைன்னு சொல்லுங்க மாப்பிள்ளை."