ரெய்யோவின் பன்னிரண்டு டப்பாக்கள்

2017 மார்ச் 9, வியாழக்கிழமை காலை, பின்லாந்தின் சாவோ வட்டாரத்தில் இருக்கும் ஹீர்விவாரா சுகாதார நிலையத்தில், ரெய்யோ புல்க்கா என்ற அறுபத்திரண்டு வயதுக்காரருக்கு ஹெபடைட்டிஸ் ஏ என்ற தொற்றுக் காமாலை இருப்பது இரத்தப் பரிசோதனையில் உறுதியானது.

இரத்தம் கொடுக்க அவரைச் செவ்வாயன்றே இழுத்துப் போனவர் மனைவி சிர்க்கா. ரெய்யோ இரண்டு நாளாகக் காபியைத் தொடவில்லை. முப்பத்தேழு வருடத் தாம்பத்தியத்தில் அவர் காபி குடிக்காத நாள் ஒன்றே ஒன்றுதான். போன ஜூலையில் முழங்கால் அறுவை சிகிச்சைக்காக மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்திருந்த நாள் அது.

"கண்ணு வெண்ணெய் மாதிரி இருக்கு. கிளம்பு," என்று சொல்லிவிட்டு சிர்க்கா கார்ச் சாவியை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் பேச்சு.

வியாழனன்று தொற்றுநோய்ச் செவிலியர் மெர்வி பதினோரு பக்கக் கேள்வித்தாளோடு ரெய்யோ எதிரில் உட்கார்ந்தாள். ஊர்ப் பாடகர் குழுவில் அவள் முன்வரிசை, ரெய்யோ பின்வரிசை.

"இந்தக் கிருமி வயித்துக்குள்ள போய் ஒரு மாசம் கழிச்சுத்தான் ஈரலைப் பிடிக்கும். அதனால பழைய கதையெல்லாம் கேப்பேன். சமீபத்துல வெளிநாடு போனீங்களா?"

"குவோப்பியோ போனேன்."

"ரெய்யோ, குவோப்பியோ எழுபது கிலோமீட்டர்."

"நமக்கு அது வெளிநாடுதான்."

"சிப்பி கிப்பி ஏதாவது பச்சையா சாப்பிட்டீங்களா?"

"என்னைப் பார்த்தா சிப்பி திங்கிற ஆள் மாதிரியா இருக்கு?"

"வீட்டுல யாருக்காவது இருக்கா?"

"சிர்க்கா தாய்லாந்து போறப்போ இதுக்கு ஊசி போட்டுக்கிட்டா. கடலைப் பார்க்க எதுக்கு ஊசின்னு நான் வீட்டுலயே இருந்துட்டேன்."

ஏழாம் பக்கத்தில் மெர்விக்குச் சிரிப்பு வந்தது. "வெளிநாட்டுல இருந்து வர்ற உறைஞ்ச பழம், கொதிக்க வைக்காம சாப்பிட்டீங்களா? உங்ககிட்ட போய் இதைக் கேக்குறேன் பாருங்க!" அவர் வாய் திறக்குமுன் 'இல்லை' என்ற கட்டத்தில் அவளே குறி போட்டுவிட்டாள்.

ரெய்யோ அந்தக் குறியைப் பார்த்தார், திருத்தவில்லை.

ஹீர்விவாராவில் ரெய்யோ என்றால் காட்டு ராஸ்பெர்ரி. அவர் பறிக்கும் இடம் எங்கே என்று சிர்க்காவுக்குக்கூடத் தெரியாது. முப்பது வருடமாக மார்ச் முதல் ஞாயிறு நடக்கும் பாடகர் குழுக் குலுக்கலில் முக்கியப் பரிசு அவருடைய பன்னிரண்டு டப்பாக்கள்தான். காலி ஐஸ்கிரீம் டப்பா, மேலே வெள்ளை டேப், டேப்பில் பேனாவால் வருடமும் ஒரு சின்ன இலையும். கடையில் விற்கும் வெளிநாட்டு உறைபழத்தில் கிருமி இருக்கலாம், ஐந்து நிமிடம் கொதிக்கவைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ரெய்யோ பழத்தை யாரும் கொதிக்கவைப்பதில்லை.

போன கோடையில் முழங்கால் அவரைக் காட்டுக்குள் விடவில்லை. ஃப்ரீசர் காலி. குழுத் தலைவர் பரிசுப் பட்டியலை அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிட்டார். பிப்ரவரி தொடக்கத்தில் ரெய்யோ குவோப்பியோவுக்குப் போய், தெரிந்த முகம் இல்லாத ஒரு கடையில் உறைந்த வெளிநாட்டு ராஸ்பெர்ரியைப் பை பையாக வாங்கினார். டப்பாக்களில் கொட்டினார். போன கோடையில் அவர் காட்டுக்குப் போகாதது ஊருக்கே தெரியும் என்பதால் '2015' என்று எழுதினார். இலையும் வரைந்தார். மிஞ்சிய ஒரு கிண்ணம் பழத்தைப் பாலூற்றித் தின்றார். ருசியாகத்தான் இருந்தது.

இப்போது உண்மையைச் சொன்னால் இந்த ஒரு வருடத்தோடு போகாது. முப்பது வருடமும் கடைப் பழம்தான் என்று ஊர் பேசும்.

வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்ததும் போன் அடித்தது. ஆஹ்தி. அவர் ரெய்யோவின் பழைய பஸ் டிப்போ கூட்டாளி. பழம் பறிக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க இருபது வருடமாக ரெய்யோவின் காரை மோப்பம் பிடித்துத் திரிபவர். இந்த முறை நாற்பது சீட்டு வாங்கி ஒரு டப்பாவை வென்றிருந்தார்.

"என்னடா, மஞ்சளா இருக்கியாமே? நீலச் சட்டையைப் போடு, ஸ்வீடன் கொடியாட்டம் வாசல்ல நிறுத்தி வெக்கலாம்."

"சொல்ல வந்ததைச் சொல்லு."

"உன் பழம்டா! இவ்வளவு பெருசா நான் பார்த்ததே இல்ல. யோசிச்சேன். வடக்குப் பக்கம் இப்படிக் காய்க்காது. தெற்குச் சரிவுலதான் பறிக்கிற, பிடிச்சுட்டேன்!"

"சாப்பிட்டியா?"

"பாதி டப்பா, ஸ்பூனால அப்படியே. மீதி சனிக்கிழமைக்கு. மச்சினிக்கு அறுபதாம் பிறந்தநாள், நாற்பது பேர். கேக்கு மேல பச்சையாவே கொட்டப் போறோம். உன் பழத்தைக் கொதிக்க வெக்கிறவன் மனுஷனா?"

ரெய்யோ போனை வைத்தார். பிறகு மெர்வியை அழைத்தார்.

அவர் சொல்லி முடித்த பிறகு மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏழாம் பக்கம்," என்றாள் மெர்வி. "அந்தக் குறியை நான்தான் போட்டேன்."

"நீ கேட்டுட்டு பதிலுக்கு நிக்கவே இல்ல."

"நீங்க திருத்தவும் இல்ல."

"பழத்தைச் சாப்பிட வேணாம்னு நீயே எல்லாருக்கும் சொல்லிடேன். கடையைப் பத்தி எதுக்கு?"

"என்னன்னு சொல்றது? ரெய்யோ பழத்துல கிருமின்னா நானே நம்ப மாட்டேன். சாப்பிட்ட நாள்ல இருந்து ரெண்டு வாரத்துக்குள்ள ஊசி போட்டா அனேகமா தப்பிச்சுக்கலாம். குலுக்கல் முடிஞ்சு இன்னைக்கு நாலாவது நாள். காட்டுப் பழம்னு நினைச்சுட்டு இருந்தா ஒருத்தரும் ஊசிக்குக் கை நீட்ட மாட்டாங்க. நீங்களே சொன்னாத்தான் வருவாங்க."

பாடகர் குழுவின் வாட்ஸ்அப்பில் ரெய்யோ ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். சிர்க்கா பின்னால் நின்று படித்தார்.

"நான் அப்பவே நினைச்சேன்," என்றார் சிர்க்கா. "ஒரு இலைத்துணுக்கு இல்ல, ஒரு பூச்சி இல்ல. உன் பழத்துல எப்பவும் பாதி காடு கிடக்கும்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கடையில வாங்கியிருக்கன்னுதான் தெரியும், வெளிநாட்டுதுன்னு தெரியாது. கேட்டா அடுத்த வருஷம் அந்த முட்டியோட காட்டுக்குக் கிளம்பிருவ. 'மன்னிக்கவும்'ல ஒரு எழுத்து விட்டுப்போச்சு பாரு."

செய்தி இப்படிப் போனது: 'டப்பாவில் இருப்பது என் பழம் இல்லை. குவோப்பியோவில் கடையில் வாங்கியது. வெளிநாட்டுப் பழம். எனக்கு ஈரல் நோய் வந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். சாப்பிடாதீர்கள். சாப்பிட்டவர்கள் உடனே மெர்வியிடம் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மன்னிக்கவும். ரெய்யோ.'

நான்கு நிமிடத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுதினார்: 'எந்தக் கடை? பழம் நன்றாக இருந்தது.' இன்னொருவர்: 'அந்த இலை மட்டும் உள்ளூரா?' தலைவர் கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினார்.

ஆஹ்தி எழுதவில்லை, நேரே அழைத்தார். முதலில் வெறும் சிரிப்பு. போனைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பது தெரிந்தது.

"இருபது வருஷமா பெட்ரோலைக் கொட்டி உன் பின்னாடி வந்தேனேடா! நேரா கடைக்கே போயிருக்கலாம்!"

"மத்த வருஷமெல்லாம் என்னுதுதான்."

"ஆமா ஆமா."

"சத்தியமா என்னுதுதான்டா!"

"சரி, எந்தச் சரிவுல பறிச்ச? சொல்லு, நம்புறேன்."

ரெய்யோ வாயைத் திறந்தார். கடைசி நொடியில் மூடிக்கொண்டார்.

"ஊசி போட்டுக்கோ," என்றார்.

"மெர்விகிட்ட நேரம் வாங்கியாச்சு. மச்சினிக்கு ஆப்பிள் கேக்கு. நல்லா வெந்த கேக்கு. நாற்பது பேருக்கும் காரணம் சொல்லித்தான் பரிமாறுவேன்."

பன்னிரண்டு டப்பாக்களில் ஏழு பிரிக்கப்படாமல் சுகாதார நிலையத்துக்குத் திரும்பின. ஆய்வகத்துக்கு அனுப்பிய இரண்டில் ஒன்றில் கிருமி இருந்தது. மற்ற ஐந்து டப்பாக்களிலிருந்து சாப்பிட்ட பதினேழு பேருக்கும் தடுப்பூசி போடப்பட்டது. ஒருவருக்கும் நோய் வரவில்லை. ரெய்யோ ஏப்ரல் பத்தாம் தேதி மறுபடி காபி குடித்தார்.

முழங்கால் தேறிய பிறகு, ஜூலைக் கடைசியில் அவர் பன்னிரண்டு டப்பா காட்டு ராஸ்பெர்ரி பறித்து, இலைத்துணுக்கும் பூச்சியுமாக வென்றவர்களின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். ஆஹ்தி தன் பங்கை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்துச் சாப்பிட்டார்.